ஷட்டர் இறக்கின பிறகும் ஓடுற மீட்டர்

நம்ம வட சென்னை தண்டையார்பேட்டைல ஒரு பேக்கரி, எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் நடத்துறாரு. போன வருஷம் ஏப்ரல்ல ஈபி பில் வந்த அன்னைக்கே எனக்கு போன், "தம்பி மீட்டர்ல ஏதோ கோளாறு, உடனே வந்து பாரு"ன்னு. நான் வயரிங் வேலை பாக்குறவன், வயர்ல எவ்ளோ கரண்ட் ஓடுதுன்னு அளக்குற டாங் டெஸ்டரை எடுத்துக்கிட்டு போனேன், அரை மணி நேரம் பாத்தேன், மீட்டர் நல்லாத்தான் இருந்துச்சு. "அப்ப கரண்ட் எங்கதாம்பா போகுது, புதுசா ஒண்ணும் வாங்கலையே"ன்னாரு. நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன், அண்ணே இன்னைக்கு ராத்திரி ஷட்டர் இறக்குறதுக்கு முன்னாடி மீட்டரை போன்ல ஒரு போட்டோ எடுங்க, காலைல கடை திறந்ததும் எந்த சுவிட்சையும் தொடாம இன்னொரு போட்டோ எடுங்க, ரெண்டையும் எனக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க.

ராத்திரி பத்தரை மணிக்கு ஒண்ணு, காலைல ஆறரைக்கு ஒண்ணு வந்துச்சு. நடுவுல 12 யூனிட். "கடைல யாருமே இல்லையே தம்பி, யாருக்கு ஓடுச்சு"ன்னு கேட்டாரு பாருங்க, அந்த கேள்விலதான் இந்த விஷயம் மொத்தமும் இருக்கு. மின்சார நிர்வாகம், எனர்ஜி மேனேஜ்மென்ட்னு பெரிய பெரிய பேரா சொல்றாங்க, கேட்டா ஏதோ பெரிய கம்பெனிக்காரங்க சமாச்சாரம் மாதிரி இருக்கும், ஆனா அது என்னன்னா எந்த நேரத்துல எந்த பொருள் எவ்ளோ கரண்ட் சாப்பிடுது, அது யாருக்கு உபயோகப்படுதுன்னு தெரிஞ்சு வச்சுக்கிறதுதான். கண்ணுல படுற லைட்டை எல்லாம் ஆஃப் பண்ணிட்டு இருட்டுல உக்காந்து வியாபாரம் பண்றது இல்ல.

முதல்ல யூனிட்டுன்னா என்ன, வாட்டுன்னா என்னன்னு தெளிவா வச்சுக்குவோம், ஏன்னா பத்து வருஷமா கடை நடத்துறவங்களே இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறாங்க. நம்ம ஏரியாவுல தண்ணி லாரி வந்து குடம் பிடிச்சவங்களுக்கு இது சுலபமா புரியும். குழாய்ல தண்ணி எவ்ளோ வேகமா வருதுங்கிறது வாட், கடைசில எத்தனை குடம் நிறைஞ்சுதுங்கிறது யூனிட். மெல்லிசா ஒழுகுற குழாய் கூட ராத்திரி முழுக்க ஒழுகினா காலைல பத்து குடம் நிறைஞ்சு நிக்கும். ஆயிரம் வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட், நூறு வாட் பொருள் பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான். ஈபிக்காரங்க காசு வாங்குறது குடத்துக்கு, அதனால பெரிய மிஷினை மட்டும் மொறச்சுப் பாத்துட்டு சின்ன பொருளை விட்டுடக் கூடாது, அது எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு பாக்கணும்.

வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கு, கடைக்கு அது கிடையாது, கடை யூனிட்டு விலையும் அதிகம். ரேட்டு அப்பப்ப மாறும், கணக்குக்கு யூனிட் 10 ரூபாய்னு வச்சுக்குங்க, இந்த கட்டுரை முழுக்க அந்த கணக்குலதான் சொல்றேன், உங்க பில்லுல என்ன ரேட்டோ அதைப் போட்டு நீங்க மாத்திக்கலாம்.

இப்போ அண்ணன் கடைக்கு வருவோம். எட்டு மணி நேரத்துக்கு 12 யூனிட்டுன்னா மணிக்கு ஒன்றரை யூனிட், அதாவது யாருமே இல்லாத கடைல ஒன்றரை டன் ஏசி ஒண்ணு நிக்காம ஓடுற அளவுக்கு கரண்ட். அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் கடைக்குள்ள நின்னுக்கிட்டு பூட்டுற நேரத்துல எப்படி விட்டுட்டு போவாரோ அப்படியே விடச் சொல்லி ஒவ்வொண்ணா பாத்தோம். வெளில போர்டுக்குள்ள எட்டு பழைய டியூப்லைட், சோக்கோட சேத்து ஒண்ணுக்கு 50 வாட்னு வச்சாலும் 400 வாட், எட்டு மணி நேரத்துக்கு 3 யூனிட்டுக்கு மேல. ராத்திரி ஒரு மணிக்கு அந்த ரோட்டுல கன்டெய்னர் லாரி டிரைவருங்களைத் தவிர போர்டை படிக்க ஆள் இல்ல. வாட்டர் கூலர் ஆன்ல இருந்துச்சு, குடிக்க ஆளில்லாத தண்ணிய ராத்திரி முழுக்க குளிர வச்சுக்கிட்டு இருந்துச்சு. பின்னாடி ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கிட்டு இருந்தது அண்ணனுக்கே தெரியல, மிஷின் சத்தத்துல அது காதுல விழுந்ததே இல்லையாம்.

மிச்சம் ரெண்டு டீப் ஃப்ரீசர், கேக் வைக்கிற கண்ணாடி ஃப்ரிட்ஜ். அதை நிறுத்த முடியாது, அது தொழிலு. ஆனா அதுலயும் பாக்க விஷயம் இருக்கு. ஒரு பத்து ரூபா நோட்டை எடுத்து ஃப்ரீசர் கதவு விளிம்புல வச்சு மூடிட்டு மெதுவா இழுத்துப் பாருங்க, இறுக்கமா பிடிச்சா ரப்பர் நல்லா இருக்கு, வெண்ணெய்ல இருந்து முடி எடுக்கிற மாதிரி வழுக்கிக்கிட்டு வந்துச்சுன்னா அந்த இடத்துல ரப்பர் போச்சு, உள்ள இருக்கிற குளிர் வெளில போகுது, சென்னை ஈரக்காத்து உள்ள போய் ஐஸா கட்டுது. அண்ணன் ஃப்ரீசர்ல கீழ் மூலைல நோட்டு சும்மா வந்துச்சு, உள்ள பாத்தா அந்த மூலைல மட்டும் மூணு விரல் கனத்துக்கு ஐஸ். ரப்பரை மாத்தினோம், ஃப்ரீசரை சுவத்துல ஒட்டி வச்சிருந்தாரு, சூடு வெளியேற ஒரு சாண் தள்ளி வச்சோம். போர்டுக்கு ஒரு டைமர் சுவிட்ச், வாட்டர் கூலருக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் சேத்து வாசல் பக்கத்துல ஒரே ஒரு சுவிட்ச், ஷட்டர் இறக்குறவன் கை அதுல பட்டே ஆகணும்கிற இடத்துல.

ராத்திரி கணக்கு 12ல இருந்து 6க்கு வந்துச்சு. ஒரு நாளைக்கு 6 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 360, பில்லுல 3600 ரூபாய். காலைல வாட்டர் கூலர் மறுபடி தண்ணிய குளிர வைக்கும்போது கொஞ்சம் திரும்ப சாப்பிடும், அதை கழிச்சாலும் 3000க்கு குறையாது. வியாபாரத்துல ஒரு பன்னு கூட குறையல.

இந்த மூடின நேரத்து ஓட்டத்துக்கு பேஸ் லோடுன்னு பேரு, அடிப்படை லோடுன்னு வச்சுக்கலாம். புதுசா கத்துக்கிறவங்க இதுல இருந்துதான் ஆரம்பிக்கணும்னு நான் ஏன் அடிச்சு சொல்றேன்னா, பகல்ல எல்லாம் கலந்து ஓடும், கஸ்டமர் வருவான் போவான், எது எதுக்காக ஓடுதுன்னு பிரிக்கவே முடியாது. ராத்திரில கடை பேசாம இருக்கும், அப்ப ஓடுறது ஒவ்வொண்ணும் தனியா தெரியும். ஒரு நோட்டு போடுங்க, தேதி, மூடுற ரீடிங், திறக்குற ரீடிங், பக்கத்துல அன்னைக்கு ஏதாவது விசேஷம்னா ஒரு வரி, அதாவது ஆடி தள்ளுபடி, ஏசி சர்வீஸ், ஜெனரேட்டர் ஓடுச்சு, இப்படி. ரெண்டு வாரம் எழுதினா போதும், உங்க கடையோட நாடி உங்களுக்கு பிடிபட்டுடும். அதோட பழைய பில்லு யூனிட்டெல்லாம் ஈபி சைட்லயே இருக்கு, போன வருஷம் இதே ரெண்டு மாசத்தோட ஒப்பிடுங்க, போன பில்லோட ஒப்பிடாதீங்க, மார்கழி பில்லையும் சித்திரை பில்லையும் பக்கத்துல வச்சா தப்பான முடிவுக்குத்தான் வருவோம்.

இங்க ஒரு விஷயம் சொல்லிடறேன், இது எனக்கு மனசுல ரொம்ப நாளா இருக்கிறது. மத்த ஊர்க்காரங்களுக்கு கரண்ட்டுங்கிறது சுவத்துல இருக்கிற ஓட்டைல இருந்து வர்றது, நமக்கு அப்படி இல்ல. அத்திப்பட்டு, வள்ளூர் அனல் மின் நிலையம் எல்லாம் நம்ம பக்கத்துலதான் இருக்கு, வள்ளூர் மட்டுமே 1500 மெகாவாட், எண்ணூர்ல இருந்த பழைய 450 மெகாவாட் நிலையத்தை 2017ல மூடினாங்க. ஒரு யூனிட் அனல் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரியும், நம்ம நாட்டு நிலக்கரில மூணுல ஒரு பங்கு சாம்பல்தான். எல்லா நிலையத்து கரண்ட்டும் வந்து சேர்ற கிரிட்ல காத்தாடி கரண்ட், சோலார் கரண்ட் எல்லாம் கலந்துதான் வருது, அதனால இந்த யூனிட் இந்த நிலையத்துதுன்னு சொல்ல முடியாது, ஆனா நிலக்கரி கணக்குல பாத்தா அண்ணன் கடைல யாருக்குமே உபயோகப்படாம போன அந்த 6 யூனிட் தினம் 4 கிலோ நிலக்கரி, ஒரு கிலோவுக்கு மேல சாம்பல். கொசஸ்தலை ஆத்துல சாம்பல் படிஞ்சு மீனும் இறாலும் போச்சுன்னு காட்டுக்குப்பத்து மீனவங்க எத்தனை வருஷமா சொல்லிக்கிட்டு இருக்காங்க. நாம ஒரு போர்டு லைட்டை அணைச்சதும் ஆறு சுத்தமாயிடாது, அது எனக்கும் தெரியும். ஆனா கரண்ட்டை காசா மட்டும் பாக்க என்னால முடியல.

சரி, பகல் நேரத்துக்கு வருவோம். ஏசி இருக்கிற கடைல பில்லுல பெரிய பங்கு அதுதான். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் ஒரு ஜவுளிக்கடை, பாய் ஒருத்தரோடது, நாலு ஏசி, நாலும் 18ல. நான் போனப்ப கடைல வேலை பாக்குற பொண்ணுங்க ஸ்வெட்டர் போடாத குறையா கையை கட்டிக்கிட்டு நிக்குறாங்க. "பாய், ஏன் இவ்ளோ கம்மி"ன்னு கேட்டேன், "வெயில்ல வர்றவங்களுக்கு உள்ள வந்ததும் சில்லுன்னு இருக்கணும்ப்பா, அப்பதான் ரெண்டு புடவை சேத்து பாப்பாங்க"ன்னாரு. அவர் சொல்றதுல நியாயம் இருக்கு, அதை தட்டிட்டு பேச முடியாது. ஆனா ரிமோட்ல 18 வச்சா ரூம் சீக்கிரம் குளிராது, சாதாரண ஏசி 24 வச்சாலும் அதே வேகத்துலதான் குளிர வைக்கும், 18ங்கிறது அது எப்ப நிக்கணும்ங்கிற எண், நம்ம கடைல வாசல் திறந்தே கிடக்கிறதால அந்த 18 வரவே வராது, அதனால கம்ப்ரஸர் நிக்கவே நிக்காது. ஒரு டிகிரி ஏத்தினா சுமார் 6 சதவீதம் மிச்சம்னு பீ.இ.இ. சொல்றாங்க, அதாவது 2002ல மத்திய அரசு ஆரம்பிச்ச மின்சிக்கன அமைப்பு, ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டுறது இவங்கதான். 2020 ஜனவரில இருந்து வர்ற ஸ்டார் ஏசி எல்லாம் ஆன் பண்ணினா 24லதான் நிக்கணும்னு வச்சதும் இதுக்காகத்தான். பாய் கடைல 24 வச்சு, மேல ஃபேனை ஓட விட்டு, வாசல்ல கனமான பிளாஸ்டிக் திரை தொங்க விட்டோம். ஃபேன் காத்து மேல படும்போது 25 டிகிரி கூட வெயில்ல இருந்து வர்றவங்களுக்கு சொர்க்கமாத்தான் இருக்கும்.

டன்னுன்னா என்னன்னு யாரும் கேக்க மாட்டாங்க, எல்லாரும் ஒன்றரை டன் ஏசின்னு சொல்லிக்கிட்டே இருப்போம். காசிமேட்டுல மீனுக்கு ஐஸ் போடுறதை பாத்திருப்பீங்க, அந்த ஐஸ் உருகும்போது மீன்ல இருக்கிற சூட்டை இழுக்குது. ஒரு நாள் முழுக்க ஒரு டன் ஐஸ், அமெரிக்க டன்னுல அது 907 கிலோ, மெதுவா உருகினா எவ்ளோ சூட்டை இழுக்குமோ அந்த வேகத்துக்கு பேருதான் ஒரு டன். மிஷின் வர்றதுக்கு முன்னாடி ஐஸ் வச்சுதான் குளிர வச்சாங்க, அந்த கணக்கு அப்படியே தங்கிடுச்சு. ஆக ஏசி எடை இல்ல அது, சூட்டை வெளியே தள்ளுற வேகம். அப்ப வெளிய மாட்டியிருக்கிற அவுட்டோர் பெட்டி அந்த சூட்டை தள்ள முடியாம திணறினா உள்ள எவ்ளோ டன் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

நம்ம ஏரியாவுல திணறத்தான் செய்யுது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக்காத்து, அவுட்டோர் பெட்டில இருக்கிற அலுமினிய தகடு ரெண்டு மூணு வருஷத்துல பொடியா உதிர ஆரம்பிச்சுடும். உப்பு இல்லாத இடத்துல லாரிப் புழுதி. பாய் கடை மாடில ஒரு அவுட்டோரை கழட்டிப் பாத்தப்ப தகடுக்கு நடுவுல பஞ்சும் தூசியும் சேந்து கம்பளி போத்தின மாதிரி இருந்துச்சு, கீழ இருந்து நூலு, மேல இருந்து புழுதி. ஏசிய ஆஃப் பண்ணி, மெயினையும் ஆஃப் பண்ணிட்டு, சாதாரண தண்ணிய மெதுவா அடிச்சு கழுவினோம், கறுப்பா ஓடுச்சு. கழுவுறதுக்கு முன்னாடி டாங் டெஸ்டர்ல 8.5 ஆம்பியர் காட்டினது கழுவி ஓட விட்டப்புறம் 7க்கு வந்துச்சு. உள்ள ஃபில்டரை 15 நாளைக்கு ஒரு தடவை கடைப் பையனே கழட்டி கழுவலாம், அதுக்கு ஆள் கூப்பிட வேண்டாம்.

புது ஏசி வாங்கினா ஸ்டிக்கர்ல ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, எந்த வருஷத்து ஸ்டார், ஏன்னா அளவுகோலை அப்பப்ப இறுக்குறாங்க, பழைய 5 ஸ்டார் இன்னைக்கு கணக்குல 3 ஆகவும் இருக்கலாம். ரெண்டு, அதுல வருஷத்துக்கு இத்தனை யூனிட்னு போட்டிருக்கும், அது 1600 மணி நேரம் ஓடுறதா வச்சு போட்ட கணக்கு. வீட்டுக்கு சரி. கடைல தினம் பத்து மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள்னா 3000 மணி, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதனால கடைக்கு கூட கொஞ்சம் காசு போட்டு நல்ல ஸ்டார் எடுத்தா வீட்டை விட சீக்கிரம் போட்ட காசு திரும்பும்.

போட்ட காசு எப்ப திரும்பும்ங்கிற கணக்கு ரொம்ப முக்கியம், அதை ஒரு ஃபேன்ல போட்டு காட்டிடறேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், கம்மி கரண்ட்ல ஓடுற புது மாதிரி மோட்டார் வச்ச பிஎல்டிசி ஃபேன் 30 வாட், வித்தியாசம் 45. தினம் 12 மணி நேரம்னா 540 வாட்-மணி (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்), அரை யூனிட்டுக்கு கொஞ்சம் மேல, 5 ரூபா 40 பைசா. ஃபேன் விலை 3000னா 555 நாள்ல, ஒன்றரை வருஷத்துல, காசு வந்துடும். அதே ஃபேனை தினம் ரெண்டு மணி நேரம் மட்டும் ஓடுற குடோன்ல மாட்டினா ஒன்பது வருஷம் ஆகும், அங்க மாட்டாதீங்க, பழசே இருக்கட்டும். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்துங்கன்னு யாராவது சொன்னா அவர் வியாபாரி. நீங்க நிறைய நேரம் ஓடுறதை முதல்ல மாத்துங்க. டியூப்லைட்டும் இதே கணக்குதான், சோக்கு வச்ச பழசு 50 சொச்சம், எல்இடி 20.

பட்டறை வச்சிருக்கிறவங்களுக்கு கதையே வேற. வியாசர்பாடி பக்கம் லேத்து, வெல்டிங், பெயின்ட் அடிக்கிற பட்டறை எல்லாத்துலயும் காத்தை அடைச்சு வைக்கிற கம்ப்ரஸர் இருக்கும், அது பொல்லாத மிஷின், ஏன்னா காத்து லீக் ஆனா கண்ணுக்கு தெரியாது, தரையும் நனையாது. சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் எழுந்து போனப்புறம் எந்த டூலையும் தொடாம கம்ப்ரஸரை மட்டும் ஆன்ல விட்டுட்டு போன்ல டைம் பாருங்க. யாரும் காத்தை எடுக்கலைன்னா ஒரு தடவை நிறைஞ்சு நின்னா நின்னபடி இருக்கணும். நான் பாத்த ஒரு பட்டறைல மூணு நிமிஷம் நிக்கும், ஒரு நிமிஷம் ஓடும், மறுபடி மூணு நிமிஷம் நிக்கும். நாலு நிமிஷத்துல ஒரு நிமிஷம், அதாவது அந்த மிஷின் கொடுக்கக்கூடிய காத்துல 25 சதவீதம் ஓட்டை வழியா போகுது. சோப்புத்தண்ணிய பிரஷ்ல தொட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டா தடவினோம், ஹோஸ் மாட்டுற கிளாம்ப் நாலுல நுரை கொப்புளம் கொப்புளமா வந்துச்சு. ஒரு கிளாம்ப் முப்பது நாப்பது ரூபா. அதோட 8 கிலோ பிரஷர் வச்சிருந்ததை 7க்கு குறைச்சோம், வேலைக்கு 6 போதும், ஒரு கிலோ குறைச்சாலே 6, 7 சதவீதம் கரண்ட் குறையும்.

மோட்டார் காயில் எரிஞ்சு போனா ரீவைண்டிங் பண்ணி பண்ணி ஓட்டுறது நம்ம பழக்கம். ஒரு தடவை நல்ல இடத்துல பண்ணினா பரவால்ல, நாலு தடவை பண்ணின மோட்டார் அதே வேலைக்கு கூட கரண்ட் இழுக்கும். நாள் முழுக்க ஓடுற மோட்டாருக்கு புதுசுல ஐஇ3ன்னு, அதாவது அதே வேலைக்கு கம்மி கரண்ட் இழுக்கிற தரம்னு, போட்டதை எடுங்க, எப்பவாவது ஓடுறதுக்கு ரீவைண்டிங் போதும். ஃபேன் கணக்கு இங்கயும் அதேதான்.

பில்லுல யூனிட் இல்லாம இன்னும் ரெண்டு இடத்துல காசு போகும். ஒண்ணு ஃபிக்ஸட் சார்ஜ், இவ்ளோ இழுத்துக்கலாம்னு ஈபிகிட்ட நீங்க அனுமதி வாங்கி வச்சிருக்கிற சாங்ஷன் லோடுக்கு இத்தனைன்னு, கடை மூடி கிடந்தாலும் கட்டணும். மீட்டர்ல எண்ணெல்லாம் மாறி மாறி வரும்போது எம்டின்னு ஒண்ணு வரும், அதுதான் நீங்க ஒரே நேரத்துல அதிகபட்சமா இழுத்த லோடு. சாங்ஷன் 15 கிலோவாட் இருந்து எம்டி வருஷம் பூரா 7ஐ தாண்டலைன்னா சும்மா காசு கட்டுறீங்க, குறைச்சுக்க எழுதிக் குடுக்கலாம். எம்டி சாங்ஷனை தாண்டினாலும் வம்பு, காலைல ஓவன், ஏசி, மோட்டார் எல்லாத்தையும் ஒரே நேரத்துல போடாம அரை மணி நேரம் முன்ன பின்ன போட்டாலே அது இறங்கிடும். இன்னொண்ணு பவர் ஃபேக்டர். படகை கரைக்கு இழுக்கும்போது கயிறை நேரா இழுக்காம ஒரு பக்கமா சாஞ்சு இழுத்தா பலம் போடுறது அத்தனையும் படகை நகத்தாதுல்ல, மோட்டாரும் அப்படித்தான் கொஞ்சம் சாஞ்சு இழுக்கும், கெபாசிட்டர் போட்டா நேராகும். பெரிய லோடு கனெக்ஷனுக்கு இது குறைஞ்சா தனியா சார்ஜ் விழும், சின்ன கடைக்காரங்க இதுக்கு கவலைப்பட வேண்டாம், பவர் ஃபேக்டர் பெட்டி மாட்டினா பில் பாதியாகும்னு வீடு வீடா வந்து விக்கிறவங்ககிட்ட தயவு செஞ்சு வாங்காதீங்க, கடை மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணுது.

ஜெனரேட்டர் பத்தி ஒரு வரி. ஒரு லிட்டர் டீசல்ல மூணு, மூன்றரை யூனிட்தான் வரும், ஆக ஜெனரேட்டர் யூனிட் 25 ரூபாய்க்கு மேல. கரண்ட் வந்தப்புறமும் மாத்த மறந்து பத்து நிமிஷம் ஓடுறதை பல இடத்துல பாத்திருக்கேன்.

பாய் கடைல இப்ப ரீடிங் எழுதுறது அந்த ஸ்வெட்டர் இல்லாம நின்ன பொண்ணுங்கள்ல ஒருத்தி. நான் சொல்லாமலே நோட்டுல ஒரு கட்டம் கூட சேத்திருக்கா, மத்தியானம் ரெண்டு மணி ரீடிங். எதுக்கும்மான்னு கேட்டேன், "அண்ணா மத்தியானம் கூட்டமே இருக்காது, அப்பவும் நாலு ஏசி ஓடுது, ரெண்டு போதும்னு பாய்கிட்ட காட்டணும்ல, வாயால சொன்னா நம்ப மாட்டாரு"ன்னா. போன வாரம் போனப்ப மத்தியானத்துல ரெண்டுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.